அலுவலகம் உங்கள் தலைக்குள் இருக்கும்வரை

கடிதம் எழுதியவர் தமிழ்நாட்டின் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர். அடையாளம் தெரியும்படியான விவரங்களை நீக்கிவிட்டு அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் நடப்பில் சுமார் 260 கட்டுகள் (வழக்குக் கோப்புகள்) இருக்கின்றன. பாதி சிவில். மீதி, பணமின்றித் திரும்பிய காசோலை வழக்குகள், குடும்ப நல வழக்குகள், கொஞ்சம் கிரிமினல். மாதம் 7,000 ரூபாய் பெறும் ஒரு ஜூனியர், இருபது வருட அனுபவமுள்ள ஒரு குமாஸ்தா, மாலையில் மட்டும் வரும் ஒரு தட்டச்சர், இவ்வளவுதான் ஆட்கள். தினமும் நான்கு கோர்ட்டுகளில் பத்துப் பன்னிரண்டு வழக்குகள் அழைக்கப்படுகின்றன. இரவு பத்து மணிக்கு முன் அவர் வீடு திரும்புவதில்லை. சென்ற ஆண்டு ஒரு சிவில் வழக்கில் தீர்ப்பு பாதகமாக வந்தது. மேல்முறையீட்டுக்குத் தேவையான தீர்ப்பு நகலைக் கேட்டு நகல் மனு போட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்; யாரும் போடவில்லை. மேல்முறையீடு 47 நாள் தாமதமாகிவிட்டது. தாமத மன்னிப்பு மனுவோடு இப்போதுதான் தாக்கல் செய்திருக்கிறார்.

அவர் கேட்பவை இவை. இன்னொரு ஜூனியரை எடுத்து, நல்ல மென்பொருள் ஒன்றும் வாங்கிவிட்டால் போதுமா? குமாஸ்தா தான் கொண்டுவரும் வழக்குகளில் பத்து சதவீதம் கேட்கிறார், கொடுக்கலாமா? பீஸ் பாக்கி வைத்திருப்பவர்களின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? கல்லூரித் தோழி ஒருவரோடு கூட்டாகச் சேரலாமா? பக்கத்துத் தாலுகாவில் இரண்டாவது அலுவலகம் திறக்கலாமா? கடைசியாக ஒரு வரி: "தாமதத்தை எப்படியும் கோர்ட் மன்னித்துவிடும். நம்மை நுகர்வோர் மன்றத்துக்கும் இழுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனாலும் தூக்கம் வரவில்லை."

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். "எந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று குமாஸ்தா அண்ணனுக்குத் தெரியும், எந்த வழக்கில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்று பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலும் அதுதான். அலுவலகம் இரண்டு பேரின் ஞாபகத்தில் ஓடுகிறது. நாற்பது கட்டு இருந்தபோது அது திறமையாக இருந்தது. 260 கட்டில் அதுவே ஆபத்து. இந்த நிலையில் இன்னொரு ஜூனியர் வந்தால் உங்களிடம் கேள்வி கேட்கும் ஆள் ஒருவர் கூடுவார், உங்கள் வேலை குறையாது. உங்களையோ குமாஸ்தாவையோ கேட்காமல் எந்தக் கட்டையும் யாரும் எடுத்து அடுத்த வேலையைச் செய்ய முடிகிற நாளில்தான் ஆள் சேர்ப்பதற்குப் பலன் இருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு வழக்குக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு வாய்தா என்று வைத்தால், நடுவில் 25 வேலை நாட்கள். 260-ஐ 25-ஆல் வகுத்தால் நாளுக்குப் பத்து. நீங்கள் எழுதியதும் அதுதான். இன்னும் 60 வழக்கு எடுத்தால் நாளுக்கு இரண்டு மூன்று கூடும். ஐந்தாவது கோர்ட் ஒன்றில் கூப்பிடும்போது நீங்கள் குறுக்கு விசாரணையில் நிற்பீர்கள். ஆகவே எத்தனை புதிய வழக்கு வருகிறது என்பதோடு எத்தனை பழைய வழக்கு முடிகிறது என்பதையும் பாருங்கள். சமரசத்துக்கு வாய்ப்புள்ளவை, இரு தரப்புமே அக்கறை இழந்தவை, வாதுரைக்கு (இறுதி வாதத்துக்கு) நின்று ஓராண்டாகத் தள்ளிப்போகிறவை என்று முப்பது கட்டுகளாவது உங்களிடம் இருக்கும். அவற்றை முடித்தால் புதிய ஆள் இல்லாமலே நாளுக்கு ஒரு வழக்கு குறையும்.

தேதி இல்லாத கட்டுகள்தான் கழுத்தை அறுக்கும்

அந்த மேல்முறையீடு ஏன் தவறியது? யாரும் சோம்பலாக இருந்ததால் தவறவில்லை. தீர்ப்பு வந்த அன்றோடு அந்த வழக்குக்கு அடுத்த வாய்தா இல்லாமல் போனது. வாய்தா இல்லாததால் டைரியில் இடமில்லை. டைரியில் இல்லாத கட்டு யார் கண்ணிலும் படவில்லை. கோர்ட்டின் அன்றாட வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட் தேதி குறிக்கப்பட்ட வழக்குகளைத்தான் காட்டும். சட்டம் தரும் கெடுவான காலவரையறையோ பெரும்பாலும் தேதி இல்லாத இடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

தீர்ப்பு வந்து மேல்முறையீட்டு முடிவு எடுக்காதவை, நோட்டீஸ் அனுப்பி பதிலுக்குக் காத்திருப்பவை, குறை சொல்லித் திருப்பப்பட்டு மறுதாக்கல் செய்ய வேண்டியவை, டிக்ரி (தீர்ப்பின்படியான நீதிமன்ற ஆணை) வாங்கி அதை அமல்படுத்த நிறைவேற்று மனு போடாதவை, தவறுகையால் (ஆஜராகாததால்) தள்ளுபடியானவை, ஒருதலைப்பட்சத் தீர்ப்பானவை, கட்சிக்காரர் இறந்துபோன வழக்குகள். இவை எல்லாவற்றுக்கும் தனி அலமாரித் தட்டு ஒன்றை ஒதுக்குங்கள். கட்டின் முதுகில் சிவப்பு ஒட்டு இருக்கட்டும். இவற்றுக்குக் கோர்ட் தேதி தராவிட்டாலும் அலுவலகம் ஒரு தேதி தர வேண்டும். அந்தத் தேதி பொது டைரியில் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தட்டை முழுதாக இறக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாற்பது கட்டுக்கு அரை மணி நேரம் போதும்.

இதோடு காலவரையறைப் பதிவேடு ஒன்று வேண்டும். ஐந்து பத்திகள் இருந்தால் போதும்: நிகழ்வு, நிகழ்ந்த நாள், கடைசி நாள், அலுவலகக் கெடு, பொறுப்பாளர். அலுவலகக் கெடு, கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்பாக இருக்கட்டும். கணக்கைப் போடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். எழுதியவரே சரிபார்த்தால் அதே தவறை இரண்டாம் முறையும் சரியென்றே படிப்பார்.

உங்கள் மேல்முறையீட்டு வகையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தீர்ப்பும் டிக்ரியும் மார்ச் 3 தேதியிட்டவை என்றால், மாவட்ட நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். ஏப்ரல் 2 வரை. மார்ச் 10-இல் நகல் மனு போட்டு, ஏப்ரல் 4-இல் நகல் தயாரானால், அந்த 26 நாட்கள் கழிக்கப்பட்டு கடைசி நாள் ஏப்ரல் 28 ஆகும். மூன்று இடங்களில் சறுக்கல் நடக்கும். கழிவு நகல் தயாரான நாளோடு நின்றுவிடும். நீங்கள் ஏப்ரல் 20-இல் போய் வாங்கினால் அந்த 16 நாள் உங்கள் கணக்கில்தான் விழும். நகலுக்கான தொகை கட்டச் சொல்லியும் கட்டாமல் விட்ட நாட்களுக்கும் கழிவு கேட்க முடியாது. 30 நாள் முடிந்தபின் போட்ட நகல் மனுவுக்குக் கழிவே இல்லை. எனவே விதியை இப்படி வையுங்கள்: ஜெயித்தாலும் தோற்றாலும், கட்சிக்காரர் முடிவு சொன்னாலும் சொல்லாவிட்டாலும், தீர்ப்புக்கு மறுநாளே நகல் மனு.

காசோலை வழக்குகளில் நான்கு நாட்களும் ஒரே தாளில் இருக்க வேண்டும்: வங்கியின் திருப்பக் குறிப்பு கிடைத்த நாள், அதிலிருந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டிய நோட்டீஸ், அது எதிராளிக்குச் சேர்ந்த நாள், அதன்பின் 15 நாள் கழிந்து ஒரு மாதத்துக்குள் புகார். அந்த 15 நாள் முடியுமுன் அவசரப்பட்டுத் தாக்கல் செய்த புகாரும் நிற்காது. அஞ்சல் சேர்ந்த நாளை இணையத்தில் பார்த்து அன்றே அச்செடுத்துக் கட்டில் வைப்பது ஜூனியரின் வேலை; பிறகு தேடினால் அந்த விவரம் அங்கே இருக்காது.

அதிகம் மறக்கப்படுபவை இன்னும் இரண்டு. கட்சிக்காரர் இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். அவர் இறந்த செய்தியே உங்களுக்கு ஐந்தாவது மாதம்தான் வரும். அதனால்தான் கட்டின் முதல் தாளில் குடும்பத்தில் இன்னொருவரின் தொலைபேசி எண்ணும் வேண்டும் என்கிறேன். டிக்ரிகளுக்கு நிறைவேற்று மனுப் போடப் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் ஒன்றைச் செய்யும்படி உத்தரவிடும் செயலுறுத்துக் கட்டளை டிக்ரிக்கு மூன்று ஆண்டுதான்.

"எப்படியும் மன்னிப்பார்கள்" என்ற உங்கள் நம்பிக்கையையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். காலவரையறைச் சட்டம் 5-வது பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும்தான். காலம் கடந்த அசல் வழக்குக்கு அது பொருந்தாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 21-இன் கீழ் வரும் நிறைவேற்று மனுக்களுக்கும் பொருந்தாது. வணிக வழக்கில் பதிலுரைக்கு 120 நாள் தாண்டினால் உரிமையே போய்விடும். நடுவர் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதமும் அதற்குமேல் 30 நாளும்தான். அதன்பின் எவ்வளவு நல்ல காரணமும் எடுபடாது.

ஒரே டைரி, ஐந்து வரிக் குறிப்பு

உங்கள் அலுவலகத்தில் இப்போது மூன்று டைரிகள் இருக்கின்றன: உங்களுடையது, ஜூனியருடையது, குமாஸ்தாவுடையது. மூன்றும் ஒத்துப்போகும் நாள் அபூர்வம். பெரிய தாளில் ஒரே பொது டைரி போதும். மற்றவை வெறும் கைக்குறிப்பு. மாலை ஐந்தரைக்குள் அன்றைய கட்டுகள் அனைத்தும் மேசைக்கு வர வேண்டும். ஜூனியர் கட்டைப் பார்த்துத் தேதியை வாய்விட்டுப் படிக்க, குமாஸ்தா டைரியில் எழுத வேண்டும். எழுதியபின் குமாஸ்தா படிக்க, ஜூனியர் கட்டைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு கட்டுக்குப் பதினைந்து நிமிடம். வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உரிய தனி எண்) கட்டின் மேலட்டையில் எழுதிவைத்தால், வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் மறுநாள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். செயலியை மட்டும் நம்பாதீர்கள்; கோர்ட் ஹாலில் சொன்ன தேதி அதில் ஏறத் தாமதமாகலாம், தவறாகவும் ஏறலாம்.

ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் கட்டின் உள்பக்கத் தாளில் ஐந்து வரி எழுதப்பட வேண்டும்: இன்று என்ன நடந்தது, அடுத்து எதற்காக நிற்கிறது, அதற்குள் நாம் செய்ய வேண்டியது என்ன, யார் செய்வது, கட்சிக்காரரிடம் சொல்லியாயிற்றா. "வாய்தா, 14-ஆம் தேதி" என்று எழுதுவது குறிப்பு ஆகாது. "இரண்டாம் பிரதிவாதி குறுக்கு விசாரணை, 2011 கிரயப் பத்திரத்தின் சான்று நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்க வேண்டும், ஜூனியர், பத்தாம் தேதிக்குள்" என்பதுதான் குறிப்பு. இது பழக ஆறு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் எல்லாரும் முணுமுணுப்பார்கள், நீங்களும்தான். நீங்கள் எழுதாமல் விட்டால் அவர்களும் விட்டுவிடுவார்கள்.

மாதிரி வரைவுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பழைய பிராதைத் திறந்து பெயரை மாற்றி அடிக்கும் பழக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அதில்தான் பழைய சர்வே எண்ணும் பழைய வாதியின் தகப்பனார் பெயரும் சொத்து விவரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டு ஆவணங்களுக்குப் பெயர், எண், தேதி எதுவுமில்லாத வெற்று மாதிரிகளைத் தயார்செய்து, நிரப்ப வேண்டிய இடங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். மஞ்சள் மிச்சமிருந்தால் கையெழுத்துக்கு வரக்கூடாது. சொத்து விவரத்தை மட்டும் இருவர் மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டு உரக்கப் படியுங்கள். ஜூனியர் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தீர்ப்புகளைக் கேட்டால், முழுத் தீர்ப்பையும் அதிகாரபூர்வத் தளத்தில் எடுத்துப் படித்த பின்பே மனுவில் சேர்க்க வேண்டும். 2023-இல் நியூயார்க்கில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்கள் 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

யாருக்கு எந்த வேலை

உங்கள் ஜூனியர் வாய்தா வாங்குகிறார், பை தூக்குகிறார், நீங்கள் சொல்வதை அடித்துத் தருகிறார். மூன்று வருடத்தில் அவர் போய்விடுவார். போகட்டும் என்பது போலத்தான் ஏற்பாடும் இருக்கிறது. சம்பளத்தை முதலில் பேசுவோம். சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னபடி, ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகை சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 15,000 ரூபாய்க்கும் குறையக் கூடாது. வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் மாநில பார் கவுன்சிலும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. "தொழில் கற்றுத் தருகிறேனே" என்பது 7,000 ரூபாய்க்கு நியாயமாகாது. இரண்டாவது ஜூனியரைத் தேடுவதற்கு முன் இருப்பவருக்கு ஒழுங்காகக் கொடுங்கள். அரைகுறைச் சம்பளத்தில் இருவரை வைப்பதைவிட முழுச் சம்பளத்தில் ஒருவர் மேல்.

அந்தச் சம்பளத்துக்கு ஈடான பொறுப்பையும் கொடுங்கள். துண்டு துண்டாக வேலை சொல்லாமல் ஒரு வகையை முழுதாக ஒப்படையுங்கள். காசோலை வழக்குகள் அதற்குத் தோது: படிகள் திட்டமானவை, ஆவணங்கள் குறைவு, நாட்கணக்கு பழகும். முதல் ஐந்து வழக்கில் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். அடுத்த ஐந்தில் அவர் செய்ய நீங்கள் அருகில் இருங்கள். பிறகு அவரே செய்துவிட்டு ஐந்து வரிக் குறிப்பில் சொல்லட்டும். நடுவில் பிடுங்கி நீங்களே செய்துவிடும் ஆசை வரும். அவருடைய வரைவைத் திருத்தும்போது நீங்களே திரும்ப எழுதாமல் ஓரத்தில் குறித்துத் திருப்பிக் கொடுங்கள். முதல் மாதம் இரட்டிப்பு நேரம் பிடிக்கும்தான்.

வக்காலத்திலும் ஒரு மாற்றம் தேவை. இப்போது உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. நீங்கள் மருத்துவமனையில் படுத்தால் அன்று அலுவலகத்தில் யாருக்கும் அதிகாரமில்லை. இனி வரும் வக்காலத்துகளில் கட்சிக்காரரின் சம்மதத்தோடு ஜூனியர் பெயரையும் சேருங்கள். அவர் வெளியேறும்போது எந்தெந்த வழக்கில் பெயர் இருக்கிறது என்ற பட்டியலும் வேண்டும். இல்லாவிட்டால் அவர் பின்னொரு நாள் எதிர்த்தரப்புக்கு நிற்க முயலும்போது சச்சரவு வரும்.

உங்கள் கையில் மிஞ்ச வேண்டியவை: புதிய கட்சிக்காரரோடு முதல் பேச்சு, வழக்கின் போக்கை முடிவு செய்வது, முக்கியக் குறுக்கு விசாரணை, வாதுரை, வெளியே போகும் ஆவணத்தின் கடைசிப் பார்வை. தேதி சொல்லும் தொலைபேசி அழைப்புகள் உங்களிடம் வரவே கூடாது. வாய்தா அன்று மாலையே ஜூனியர் இரண்டு வரிச் செய்தி அனுப்பினால் பாதி அழைப்புகள் நின்றுவிடும். கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது அடுத்து என்ன என்று தெரியாததால்தான்.

சனிக்கிழமை முக்கால் மணி நேரம் நால்வரும் உட்காருங்கள், தட்டச்சரும் சேர்த்து. தேதியில்லாத் தட்டு, அடுத்த வார வழக்குகள், தடைபட்டு நிற்பவை, பீஸ். இதே வரிசை. தவறு நடந்தால் "யார்" என்று தொடங்காதீர்கள். எந்தப் படியில் நழுவியது என்று பாருங்கள். திட்டு விழும் அலுவலகத்தில் அடுத்த தவறு மறைக்கப்படும்.

குமாஸ்தாவும் பத்து சதவீதமும்

இது கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் எந்த ஏற்பாடும் செய்யக் கூடாது. ஆள் பிடித்து வழக்குக் கொண்டுவரச் செய்வது 36-வது விதிக்கும் விரோதம். வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023 திருத்தத்தால் சேர்ந்த 45ஏ பிரிவின் கீழ் உயர் நீதிமன்றமும் மாவட்ட நீதிபதியும் இடைத்தரகர் பட்டியல் தயாரிக்கலாம். இருபது வருடம் உழைத்தவரின் பெயர் அதில் வர வேண்டாம்.

ஆனால் அவர் ஏன் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவருடைய சம்பளம் எத்தனை ஆண்டாக அப்படியே இருக்கிறது? வழக்கோடு தொடர்பில்லாத நிலையான சம்பள உயர்வும் ஆண்டுக்கொரு போனஸும் கொடுப்பதில் தடையில்லை. பதிலுக்கு அவர் தலையில் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்: எந்தக் கோர்ட்டில் எந்தப் பிரிவில் என்ன குறை சொல்லித் திருப்புவார்கள், பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) எப்போது கட்ட வேண்டும், நகல் பிரிவில் யாரிடம் போய் நிற்க வேண்டும். ஜூனியர் வாரம் இரண்டு நாள் அவரோடு தாக்கல் பிரிவுக்குப் போய் எழுதிக்கொள்ளட்டும். தன் இடத்தைப் பறிக்கத்தான் இது என்று அவர் நினைக்காதபடி நீங்களே முன்கூட்டிப் பேசுங்கள். அவரும் ஜூனியரும் தட்டச்சரும் கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். பாரதிய சாட்சிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 132-வது பிரிவு வழக்கறிஞரின் குமாஸ்தாவையும் பணியாளர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது.

பீஸ் பாக்கி

கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் நிறுத்திவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம். பாக்கிக்குத் தனியாக வழக்குப் போடலாம். அந்த நிலைக்கு வராமல் இருக்க, வழக்கு எடுக்கும் அன்றே ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தாக்கல் வரை, எழுவினா (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை வகுப்பது) வரை, சாட்சி விசாரணை, வாதுரை என நான்கு கட்டமாகப் பீஸைப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்முன் கேளுங்கள். சாட்சி விசாரணை முடிந்தபின் கேட்டால் பேரம்தான் நடக்கும். கோர்ட் கட்டணம், பேட்டா, நகல் செலவுக்கு வாங்கும் பணத்தைப் பீஸோடு கலக்காதீர்கள். பார் கவுன்சிலின் 25, 26-வது விதிகளின்படி தனித்தனியே கணக்கு இருக்க வேண்டும், செலவுப் பணத்தைக் கட்சிக்காரர் எழுதித் தராமல் பீஸாக மாற்றக் கூடாது. கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசுவதை 20-வது விதி தடுக்கிறது.

மென்பொருள், தோழி, இரண்டாவது அலுவலகம்

மென்பொருளை மூன்று மாதம் கழித்து வாங்குங்கள். பொது டைரி ஒழுங்காக ஓடாத அலுவலகத்தில் மென்பொருளிலும் பாதித் தேதிதான் ஏறும். ஆனால் முழுதும் ஏறியிருக்கிறது என்று எல்லாரும் நம்புவார்கள். வாங்கும்போது இருபது கட்டுகளை மட்டும் ஏற்றிச் சோதியுங்கள். கோர்ட் தேதி இல்லாத கட்டுக்கு நாமே கெடு வைக்க முடிகிறதா, சந்தாவை நிறுத்தினால் தரவு முழுதும் நம் கைக்குத் திரும்ப வருமா, யார் எதைத் திருத்தினார் என்று காட்டுமா என்று பாருங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். எதைப் பயன்படுத்தினாலும் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று அலுவலகத்துக்கு வெளியே.

தோழியோடு சேர்வது நல்ல யோசனையாக இருக்கலாம். ஒப்பந்தம் எழுதுமுன் இரு அலுவலகத்தின் கட்சிக்காரர்கள், எதிராளிகள் பெயர்ப் பட்டியலை மட்டும் ஒப்பிடுங்கள். வழக்கு விவரம் பகிர வேண்டாம். ஒருவருக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிராளிக்கு நிற்கக் கூடாது என்ற பார் கவுன்சிலின் 33-வது விதி இருவரையும் சேர்த்தே கட்டும். கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் பொறுப்புகளுக்குக் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் முழுதாகப் பதில் சொல்ல வேண்டும். அவர் தவறவிடும் காலவரையறையும் உங்கள் தலையில்தான். ஆறு மாதம், பத்து வழக்கு, இருவர் பெயரிலும் வக்காலத்து என்று சோதித்துப் பாருங்கள். வழக்கறிஞர்களுக்குள் பீஸ் பங்கிடத் தடையில்லை. பிரிவது எப்படி என்று எழுத இருவருக்கும் கூச்சமாக இருந்தால், சேரும் பேச்சை இன்னும் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாவது அலுவலகம் இந்த ஆண்டு வேண்டாம். காலை பத்தரைக்கு இரண்டு ஊரிலும் கோர்ட் உட்காரும். உங்களிடம் தனியாக வழக்கு நடத்தக்கூடிய ஆள் இன்னும் ஒருவர்கூட இல்லை.

அந்த 47 நாள்

நுகர்வோர் மன்றம் பற்றி நீங்கள் சொன்னது சரி. உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்பு வழக்கறிஞர் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே வைத்தது. பார் கவுன்சிலில் ஒழுங்கு நடவடிக்கைக்கும், கவனக்குறைவுக்கான சிவில் இழப்பீட்டு வழக்குக்கும் அது கேடயமாகாது. கட்சிக்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். தாமதம் உங்கள் அலுவலகத்தில் நடந்ததால், இந்த மனுவுக்கு வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவர் விரும்பினால் அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அபிடவிட்டில் தாமதத்துக்குக் காரணமாக இல்லாத மஞ்சள் காமாலையை எழுதியிருந்தால், கூடுதல் அபிடவிட் போட்டு இப்போதே திருத்துங்கள். வழக்கறிஞரின் தவறுக்காகக் கட்சிக்காரரைத் தண்டிக்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்கும். பொய்யான காரணம் தெரிந்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். நகல் மனு போட்ட நாள், நகல் தயாரான நாள், அலுவலகத்தில் தவறு கண்டுபிடிக்கப்பட்ட நாள் மூன்றும் ஆவணத்தோடு இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கட்சிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 41 விதி 3ஏ-யின்படி, தாமதத்தோடு வந்த மேல்முறையீட்டை விசாரிக்கலாம் என்று கோர்ட் தீர்மானிக்கும்வரை டிக்ரி நிறைவேற்றத்துக்குத் தடை கிடைக்காது. எதிர்த்தரப்பு நாளையே நிறைவேற்று மனுப் போடலாம். கோர்ட்டிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கட்டைச் சிவப்பு ஒட்டோடு தேதியில்லாத் தட்டில் முதலாவதாக வையுங்கள்.